விக்கறதுக்கு முன்னாடி இதப் படிச்சுக்கோ கண்ணு

கண்ணு பிரபு, நல்லா இருக்கயா சாமி. கொஞ்ச நாளா ஞாயித்துக்கெழமைல நீ கூப்புடறதில்ல, அதுக்காக எழுதல, வேல இருக்கும், எனக்குத் தெரியாதா. போன்ல பேசலாம்னா அப்பா ஸ்பீக்கர்ல போடுன்னு பக்கத்துல வந்து உக்காந்துக்குவாரு, அதான் டைப் பண்றேன்.

நேத்து டல்லாஸ்லருந்து நம்ம கார்த்தி சில போட்டோ அனுப்பிச்சான். "பெரியம்மா, அண்ணன் அந்த மரான்ட்ஸ் ரேடியோ ஆம்ப்ளிபயர விக்கறாரு போல"ன்னான். அவங்கூட சண்டைக்குப் போகாத, அவனுக்கே வாங்கலாமான்னு ஆசைல கேட்டிருக்கான், அவ்வளவுதான். பயனியர் செட்டு ஏற்கனவே போயிருச்சாம். எனக்கு அதக் கேட்டதும் ஒரு மாதிரி ஆயிப்போச்சு. வெலயப் பாத்தேன் பாரு, அப்பறம் இன்னும் கொஞ்சம் ஆச்சு. அந்த வெலக்கி யாருடா மரான்ட்ஸ் 2270 தருவாங்க. நாளைக்கே வித்துப்போடோணும்னு இருக்கறவன் போடற வெலடா அது. "இடம் பத்தல, அதனால விக்கிறேன்"னு எழுதியிருக்கயாமா. நான் வந்து ரெண்டு மாசம் இருந்த வீடுதானே அது, எடமா பத்தல.

சரி, நான் ஒண்ணும் கேக்கல. உன் சாமான், உன் இஷ்டம். ஆனா விக்கறதுன்னா ஒழுங்கா வில்லு.

மரான்ட்ஸ் சேனலுக்கு 70 வாட்னா அது நெசமான 70. நம்ம ரிப்பேர் கடைக்கு வருமே டூ-இன்-ஒன்னு, மேல பிஎம்பிஓங்கற ஏமாத்து வாட்ஸ் கணக்குல ஆயிரம் ரெண்டாயிரம்னு ஸ்டிக்கர் ஒட்டி, மூடியத் தொறந்தா உள்ள தீப்பெட்டியாட்ட ஒரு ட்ரான்ஸ்பார்மர் இருக்கும், அந்தக் கதையில்ல. அமெரிக்காவுலயும் இந்தப் பித்தலாட்டமெல்லாம் இருந்து, 1974ல கவர்மென்டே ரூல் போட்டாங்கன்னு நீதானே சொன்ன, மூணுல ஒரு பங்கு பவர்ல ஒரு மணி நேரம் ஓட்டி சூடேத்தி, அப்பறம் ரெண்டு சேனலையும் ஒண்ணா முழுசா ஓட்டி அளந்துதான் வாட்ஸ் போடோணும்னு. அப்பா அதக் கேட்டுட்டு கடைக்கு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லீட்டு இருந்தாரு, எம்பையன் சொன்னான், எம்பையன் சொன்னான்னு. இன்னைக்கும் அவரு போனத் தொறந்தா உன் மரான்ட்ஸ்தான் வருது, அந்த நீல வெளிச்சத்தோட. அவருகிட்ட நான் இன்னும் சொல்லல.

வாங்கறவனுக்கு மொதல்ல ஸ்பீக்கர சேத்துவிடற ரிலே சத்தம் கேக்கோணும். சுவிட்ச் போட்டு ஒரு சில செகண்ட் கழிச்சு டக்குனு விழுமே, அது சுத்தமா விழுந்தாலே பாதி நம்பிக்கை வந்துரும். சில செட்டுல ஒரு பக்கம் மெதுவா கேக்கும், வால்யூம் ஏத்தினா டபக்குனு வந்துரும், பாதிப்பேரு அத அவுட்புட் போச்சுன்னு நெனச்சுக்கறாங்க, பாத்தா ரிலே பாயின்ட் கறுத்திருக்கும். ஸ்பீக்கர் டெர்மினல்ல மீட்டர் வெச்சு, பாட்டு இல்லாதப்ப எத்தன டிசி வருதுன்னு பாத்து எழுதிப் போடு, 50 மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தாத் தப்பில்ல, உன்னுது அதுக்கும் நெம்பக் கீழதான் இருக்கும், நீ அப்படி வேல செய்யற ஆளு. பயாஸ், அதான் அவுட்புட் ட்ரான்சிஸ்டர்ல சும்மா ஓடற கரண்ட்டு, அத செட் பண்றப்ப செட்டு நல்லா சூடானதுக்கப்பறம் பண்ணு, போட்ட உடனே பண்ணாத. மாத்தின கெபாசிட்டர் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வெச்சிருப்பயே, அதையும் சேத்துப் போடு. டயல் கண்ணாடிய பளிச்சுனு ஆக்கறேன்னு பின்பக்கம் எதையும் போட்டுத் தொடச்சுறாத, எழுத்தெல்லாம் பின்பக்கம்தான் அச்சாயிருக்கும், துணியோட வந்துரும். உங்கப்பா ஒரு கிரண்டிக் ரேடியோவுக்கு அப்படிப் பண்ணிட்டு டயல் பூராம் வெள்ளையா நின்னுச்சு, ஸ்டேஷன் எங்கிருக்குன்னு அந்தக் கஸ்டமரு மனப்பாடமா வெச்சுட்டுத் திருப்புவாரு.

மூடியத் தொறந்தா கெபாசிட்டர டிஸ்சார்ஜ் பண்ணாம கை வெக்காத. ரெண்டு பெரிய கெபாசிட்டரும் சேத்தா 70 வோல்ட்டுக்கு மேல நிக்கும், ப்ளக்க உருவீட்டாலும் நிக்கும். அப்பாவாட்ட ஸ்க்ரூ டிரைவர வெச்சு பட்டுனு அடிக்காத, பெரிய வாட்ஸ் ரெசிஸ்டர் வெச்சு எறக்கு. ஒரு கைய பேன்ட் பாக்கெட்ல போட்டுக்கோ. தூக்கம் இல்லாதப்ப சோல்டரிங் அயர்ன எடுக்காத. தூங்கறயா இல்லியான்னு நான் கேக்கல. ஆனா நீ போட்டோ போட்டது உங்க ஊர்ல விடியக்காலம் மூணு மணிக்குன்னு கார்த்தி சொன்னான்.

இன்னொண்ணு. அந்தப் போட்டோவுல பின்னால டேபிள் மேல சான்சூயி 717 ஆம்ப்ளிபயர் மூடி இல்லாம கெடக்குது. அந்த பழுப்புப் பசைய சொரண்டி எடுத்தாச்சு, பார்ட்ஸ் கூட வந்துருச்சுன்னு ஆடியில சொன்ன. அந்தப் பசை வயசானா கரண்ட்ட கடத்தும், பக்கத்துல இருக்கற ரெசிஸ்டர் டையோடு காலெல்லாம் அரிச்சுத் தின்னுரும்னு எனக்கு கிளாஸ் எடுத்தயே. அப்பறம் எதுக்கு அப்படியே போட்டு வெச்சிருக்க? நீ ஒரு செட்டத் தொறந்தா மூடாம எந்திரிக்கமாட்டயே. ஏழாவது படிக்கறப்ப பிலிப்ஸ் செட்டத் தொறந்துட்டு சோத்துக்குக்கூட வரமாட்டேன்னு நின்ன ஆளு.

பயனியர்ல எடது பக்கம் மட்டும் புஸ்ஸுனு எரைச்சல் வந்ததுக்கு, 2எஸ்ஏ726 ட்ரான்சிஸ்டர்தான் காரணம்னு புடிச்சு கேஎஸ்ஏ992 போட்டயே, கால் மாறி இருக்கான்னு பாத்துப் பாத்து. அத நான் மறக்கவே இல்ல. உங்கப்பாவுக்கு எந்த செட்டு வந்தாலும் 2என்3055 போடு, ஓடும்பாரு. ஓடும்தான். நீ அப்படியில்ல. அதுக்குத்தான் சொல்றேன், செஞ்ச வேலைக்கு வெல கேளு. கேக்கறதுக்கு கூச்சம் எதுக்கு. உங்கப்பா கிட்ட இருந்து வந்த சீக்கு இது, கடன் சொல்லீட்டுப் போனவங்க நோட்டு இன்னும் பரண்ல கெடக்குது.

அம்மிச்சிக்கு கண்ணு ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுது. கலா பொண்ணுக்கு வரன் பாக்கறாங்க. மழ ரெண்டு நாளா விடல.

நியூஸ்ல சொன்னான், உங்க ஊர்ல கம்பெனிக்காரங்க ஆளுகள வேலைல இருந்து தூக்கறாங்களாமா, அதுக்கப்பறம் அந்த எச்1பி விசாக்காரங்க அங்க இருக்க 60 நாள்தானாமா. பொதுவாத்தான் சொல்றேன். பக்கத்து வீட்டு அக்கா கேட்டாங்க, உங்க பையனுக்கு ஒண்ணும் இல்லீங்களேன்னு. எம்பையனுக்கு என்னங்க, ராசாவாட்ட இருக்கான்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு உள்ள வந்து அந்த 60ஐ காலண்டர்ல வெச்சு எண்ணிப் பாத்தேன். எங்கிருந்து எண்றதுன்னு தெரியல.

கண்ணு, நீ ஹாஸ்டல்ல ரெண்டாவது வருசம் படிக்கறப்ப, சைனா ஹோம் தியேட்டர் வந்து கடைல ஈ ஓட்டீட்டு இருந்தோம். அஞ்சு ஸ்பீக்கரு ஒரு சப்வூபரு எல்லாஞ்சேத்து நாம ஒரு ஆம்ப்ளிபயர் சரி பண்ற கூலிக்குக் கெடைச்சா யாரு ரிப்பேருக்கு வருவா. நான் கணபதி ஏரியால ஒரு வைண்டிங் பட்டறைக்கு நாள் கூலிக்குப் போனேன். மோட்டார் காயில். காலைல ஆறரைக்குப் போனா பொழுதோட வருவேன். நீ போன் பண்றப்ப எல்லாம் கடைல கூட்டம்டா, அப்பறம் பேசறேன்னு சொல்லுவேன் இல்ல, அது பட்டறைல மிஷின் ஓடற சத்தம். உனக்கு பீஸ் கட்டறதுல ஒரு நாளும் தடங்கல் வரக்கூடாது, உனக்குத் தெரியவும் கூடாதுன்னு அப்பாவும் நானும் பேசி வெச்சுட்டோம். நீ லீவுக்கு வந்து எங்கைல இருக்கற வார்னிஷ் கறையப் பாத்துட்டு, ஆர்டர் நெறைய வருதாம்மான்னு கேட்ட. ஆமாடான்னேன். ஒளிக்கறதுல கெட்டிக்காரி உங்கம்மா. அதனால அடுத்தவங்க ஒளிச்சாலும் தெரிஞ்சுரும்.

அந்தச் சின்ன சான்சூயி 555ஏ ஆம்ப்ளிபயர் இன்னும் அலமாரில இருக்குதுன்னு போட்டோல பாத்தேன். அத மட்டும் விக்காத. மத்தது எது வேணா வில்லு, அத விக்காத. அதோட ட்ரான்ஸ்பார்மர் எரிஞ்சு போயி நீ கழட்டிக் கொண்டாந்தப்ப, வாங்கிப் போடலாம்னு நீ சொன்ன, நான்தான் விடல. எரிஞ்ச வைண்டிங்க பிரிக்கறப்பவே எண்ணோணும், அப்ப விட்டா அந்த எண்ணிக்கை திரும்பக் கெடைக்காது, கருகின எனாமல் வெரல்ல பொடியா ஒட்டும், நடுவுல யாராவது பேசினா போச்சு. கோர் தகட்டோட நடு நாக்கு ஒண்ணே கால் இன்ச், அடுக்கு ஒன்றரை, ஏரியா 1.875 சதுர இன்ச், வோல்ட்டுக்கு நாலு சுத்து, 120 வோல்ட்டுக்கு 480. நீ பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு லேயருக்கும் லெதராய்டு இன்சுலேஷன் பேப்பர் வெட்டிக் குடுத்த, கல்யாணத்துக்கு முன்னாடி லீவுல. ஸ்டாம்பிங் அடுக்கறப்ப கடேசி ரெண்டு தகடு போகமாட்டேன்னுச்சு, சுத்தியல்ல தட்டி ஏத்தின. கொஞ்சம்கூட ஹம் இல்லம்மான்னு அங்க போயி போன் பண்ணினயே, ஸ்பீக்கர்ல காது வெச்சுப் பாத்தேன்னு.

மரான்ட்ஸுக்கும் ஒரு ரோசன சொல்றேன். விக்கறதுக்குப் பதிலா இங்க கொண்டாந்துரலாம். நீ கொண்டாந்து வெச்சுட்டுப் போறதா இருந்தாலும் சரி, இல்ல சித்த நாளு இருக்கறதா இருந்தாலும் சரி. ஒரு பெட்டிக்கு 23 கிலோ விடறாங்க இல்ல, மரான்ட்ஸ் மரப்பெட்டி இல்லாம அதுக்குள்ள அடங்கீரும். தெர்மோகோல் உருண்டைய நம்பாத, கனத்துக்கு அடில போயி உக்காந்துக்கும், கெட்டி பஞ்சு வெச்சு ரெண்டு அட்டப்பெட்டி போடு, அந்த ட்யூனிங் சக்கரம் முட்டாத மாதிரி. இங்க 230 இருக்குதேன்னு பயப்படாத, ஸ்டெப் டவுன் நான் சுத்தித் தரேன். கடைல விக்கற ஆட்டோ ட்ரான்ஸ்பார்மர் வேண்டாம், நியூட்ரல் விட்டுப்போச்சுன்னா அப்படியே 230 உள்ள போயிரும், ரெண்டு வைண்டிங்கும் தனித்தனியா போடறேன். உங்க ஊரு செட்டு 60 சைக்கிளுக்குப் பண்ணினது, இங்க 50ல போட்டா கோர் சூடாகும், முணுமுணுன்னு சத்தம் வரும், அதனால 120 வேண்டாம், 110 வர்ற மாதிரி சுத்தறேன். எப்எம் இங்க கேட்டா கொஞ்சம் மந்தமா இருக்கும், டி-எம்பசிஸ்னு கீச்சுச் சத்தத்த கொறைக்கற அளவு அங்க 75 மைக்ரோ செகண்ட், இங்க 50, ரெண்டு கெபாசிட்டர் மாத்தினா சரியாயிரும்னு நீயே சொல்லியிருக்க. மாடி ரூம்ல உன் டேபிள் அப்படியேதான் இருக்குது, ரிப்பேர் செட்ட சோதிக்கற சீரிஸ் லேம்ப் போர்டுக்கு மட்டும் புது பல்பு போடோணும், குண்டு பல்பு இப்பெல்லாம் லேசுல கெடைக்கறதில்ல, ரெண்டு வாங்கி வெச்சிருக்கேன்.

திரும்பவும் சொல்றேன், டிஸ்சார்ஜ் பண்ணாம கை வெக்காத, ஒரு கை பாக்கெட்ல. கவிதாகிட்டயும் சொல்லி வையி, நீ வேல செய்யறப்ப அவ பக்கத்துல இருக்கட்டும். கவிதாகிட்ட எல்லாத்தையும் சொல்லிருக்க இல்ல?

மரான்ட்ஸ் செட்டுக்குப் பின்னாடி ஒயர் வர்ற எடத்துல எத்தன வாட்ஸ்னு அச்சடிச்சிருக்கும், அத மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு. அது தெரிஞ்சாத்தான் எந்த கேஜ் கம்பி, எத்தன கிலோன்னு சொல்லி வாங்க முடியும். வியாழக்கெழம டவுன்ஹாலுக்குப் போறேன். அதுக்குள்ள வரலைன்னா நானே கூப்புடுவேன், உங்க ஊர்ல விடியக்காலம் மூணு மணிக்கு, நீ முழிச்சுட்டுத்தானே இருப்ப.

அம்மா