தோற்றுப்போன முடிவிலும் ஒரு தடயம் வையுங்கள்

கதையும் புதிருமாக கேம் உருவாக்குகிறவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் ஒரு கேமை முடித்தேன். முடித்துவிட்டதாக நினைத்தேன் என்பதுதான் சரி. பதினைந்து மணி நேரம் பூட்டுகளைத் திறந்து, குறியீடுகளைத் தாளில் எழுதிவைத்து, யார் சொன்னது பொய் என்று மண்டையை உடைத்துக்கொண்டு கடைசி அறைக்குப் போய்ச் சேர்ந்தால், திரை கறுத்து 'தவறான முடிவு' என்று இரண்டே சொல். காரணம் தேடினேன். ஆட்டம் தொடங்கி கொஞ்ச நேரத்தில் ஒரு பாத்திரம் "ஜன்னலைச் சாத்தட்டுமா?" என்று கேட்டதாம். நான் "சரி" என்று சொல்லியிருக்கிறேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

கேமின் பெயர் வேண்டாம். அதைச் செய்தவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன், பலரும் இப்படித்தான் செய்கிறீர்கள்.

விடை தெரிந்த விடுகதையை யாரும் இரண்டாம் முறை ரசிப்பதில்லை. பல முடிவுகள் உள்ள நல்ல கேம் மட்டும் இதிலிருந்து தப்பிக்கிறது. விடை தெரிந்த பிறகு அங்கே கேள்வியே மாறிவிடுகிறது. முதல் சுற்றில் 'இந்தக் கதவை எப்படித் திறப்பது?' என்று கேட்ட நான், இரண்டாம் சுற்றில் 'இதைத் திறக்கத்தான் வேண்டுமா?' என்று தயங்கி நிற்கிறேன். இதற்காகத்தான் உங்களைத் தேடி வருகிறோம்.

1993-இல் வந்த 'மிஸ்ட்' இதை அழகாகச் செய்தது. (முப்பது வருடம் தாண்டிவிட்டதால் ஸ்பாய்லர் என்று யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.) புத்தகங்களுக்குள் சிறைப்பட்ட இரண்டு சகோதரர்கள், தன்னை விடுவிக்கச் சொல்லி ஆளுக்கு ஒரு பக்கம் கெஞ்சுவார்கள். யாரை நம்பி விடுவித்தாலும் அவன் இடத்தில் நாம் மாட்டிக்கொள்வோம். சரியான வழி கணப்பு அடுப்புக்குள் இருக்கிறது. அதைத் திறக்கும் வடிவம் தெரிந்தால், தொடங்கிய சில நிமிடங்களிலேயே கேமை முடித்துவிடலாம். சாவி கிடையாது, சேகரித்துக் கொண்டுவர வேண்டிய ஆயுதமும் கிடையாது. நமக்குத் தெரியாது என்பது மட்டும்தான் பூட்டு. 2019-இல் வந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்' கேமும் இதே வழிதான். 22 நிமிடத்துக்கு ஒருமுறை சூரியன் வெடித்து எல்லாம் பழையபடி தொடங்கும். தெரிந்துகொண்டது மட்டும் கூட வரும்.

ஆனால் நான் அதிகம் நினைத்துக்கொள்வது 2009-இல் நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்க கேம் கருவிக்கு வந்த '999'-ஐத்தான். ஒரு கப்பலில் ஒன்பது பேர், ஒன்பது மணி நேரக் கெடு. ஒவ்வொருவர் கையிலும் ஒரு எண். ஒரு கதவுக்குள் மூன்று பேர் முதல் ஐந்து பேர் வரைதான் போகலாம். அவர்களுடைய எண்களைக் கூட்டி, வந்த விடையின் இலக்கங்களையும் கூட்டினால் அந்தக் கதவின் எண் வர வேண்டும். 1, 4, 8 சேர்ந்தால் 13. ஒன்றும் மூன்றும் நான்கு. நான்காம் கதவு திறக்கும். சின்னப் பிள்ளைக் கணக்குதான். ஆனால் ஒவ்வொரு முறை கூட்டும்போதும் யாரையோ வெளியே நிறுத்துகிறோம். கணக்குப் போடுவதும் ஒருவரைக் கைவிடுவதும் ஒரே செயலாகிவிடுகிறது. கதையை ஒரு பக்கமும் புதிரை ஒரு பக்கமும் வைத்து நடுவில் கட்சீனால் (நாம் ஆடாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும் காட்சி) ஒட்டுப்போடுகிறவர்கள், இந்த ஒரு விதியை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கலாம்.

அதில் ஆறு முடிவுகள். பெரும்பாலானவை கோரமானவை. இருந்தாலும் அவற்றில் குறிப்பிட்ட ஒன்றைப் பார்க்காமல் உண்மையான முடிவுக்குள் போக முடியாது. நான் தோற்ற ஆட்டமும் கணக்கில் சேர்கிறது. 'தவறான முடிவு' என்று பலகை மாட்டி வெளியே தள்ளுவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

அதிலும் ஒரு குறை உண்டு. அந்த டிஎஸ் பதிப்பில் ஒவ்வொரு சுற்றிலும் ஏற்கெனவே தீர்த்த அறையை மறுபடி தீர்க்க வேண்டும். பழைய குருடி கதவைத் திறடி! வேதாளம் எத்தனை முறை முருங்கை மரம் ஏறினாலும் நமக்கு அலுக்காததற்குக் காரணம், ஒவ்வொரு முறையும் அது புதுக் கதை சொல்கிறது. அதே கதையைச் சொல்லியிருந்தால் விக்கிரமாதித்தன் இரண்டாம் நாளே அரண்மனைக்குத் திரும்பியிருப்பான். நல்லவேளை, 2012-இல் வந்த அடுத்த பாகத்தில் கதையின் கிளைகளை வரைபடமாகக் காட்டி, வேண்டிய இடத்துக்குத் தாவ விட்டார்கள். 2017 மறுபதிப்பில் முதல் பாகத்துக்கும் அந்த வசதி கிடைத்தது. இன்றும் இதைச் செய்யாமல் 'திரும்ப ஆடினால்தான் மதிப்பு தெரியும்' என்கிறவர்கள், தங்கள் கேமைத் தாங்களே நான்கு முறை முழுசாக ஆடிவிட்டுப் பேசட்டும்.

ஒளித்துவைப்பதை நான் எதிர்க்கவில்லை. 'பிரெய்ட்' கேமில் ஒரு நட்சத்திரத்தை எடுக்க, மேகம் ஒன்று நகர்ந்து முடிய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கிறுக்குத்தனம்தான், ஆனால் அந்தப் பிடிவாதம் அந்தக் கதைக்குப் பொருந்துகிறது. அதே போல 'தலோஸ் பிரின்சிபிள்' கேமில், கோபுரத்தில் ஏறாதே என்று ஒரு குரல் முதலிலேயே சொல்லிவிடும். ஏறுவதா வேண்டாமா என்பது கடைசிவரை நம் கண் முன்னாலேயே நிற்கும். எங்கே தேர்ந்தெடுத்தோம் என்று யாரும் வாக்த்ரூ, அதாவது கேமை முடிக்கும் வழியைப் படிப்படியாகச் சொல்லும் குறிப்பு, தேடிப் போக வேண்டியதில்லை.

என் ஜன்னலுக்கும் அந்த மரியாதை கிடைத்திருக்கலாம். சாத்தும்போது காற்றில் பறக்கவிருந்த ஒரு தாளைக் காட்டியிருக்கலாம். இல்லை, அந்தக் கறுப்புத் திரைக்குப் பதிலாக, சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் யாரோ தட்டும் சத்தத்தையாவது கேட்க வைத்திருக்கலாம். நானே ஓடிப்போய் முதல் அத்தியாயத்தைத் திறந்திருப்பேன்.

சொல்ல மறந்துவிட்டேன், எப்படியும் திறந்துவிட்டேன். நேற்று இரவு மறுபடி தொடங்கி மூன்றாவது அறை வரை வந்திருக்கிறேன். இந்த முறை ஜன்னல் திறந்தே இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு சேவ் ஃபைலையும் அழிக்க மனம் வராத ஆட்டக்காரன்