டோடோவுக்கு விளக்கேற்றும் முன்: ஓர் ஆசிரியைக்குக் கடிதம்

அன்புள்ள டீச்சர்,

நவம்பர் 30 அன்று, அற்றுப்போன உயிர்களுக்குப் பள்ளியில் அஞ்சலிக் கூட்டம் வைக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். ஆறு படம், ஆறு அகல்விளக்கு, படத்துக்கொரு கவிதை. வைக்க வேண்டிய கூட்டம்தான். பட்டியலில் மட்டும் கொஞ்சம் கைவைக்கிறோம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

டைனோசரை எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் முகம் தூக்குவார்கள், பரவாயில்லை. அது போய் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அந்தச் சாவில் மனுஷனுக்குப் பங்கில்லை.

டோடோப் பறவை இருக்கட்டும். ஆனால் "மாலுமிகள் தின்றே தீர்த்தார்கள்" என்ற வரி வேண்டாம். மொரீஷியஸ் தீவில் அதைக் கண்டதாக நம்பத்தகுந்த கடைசிப் பதிவு 1662-ம் ஆண்டுடையது. ஆட்கள் தின்றது உண்மை. அதைவிடக் கப்பலில் கூடவே வந்திறங்கிய எலியும் பன்றியும் குரங்கும், தரையில் இட்ட முட்டையைத் தின்றதுதான் வம்சத்தை முடித்தது. டோடோவை ஒழிக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவே இல்லை. இதைப் பிள்ளைகள் மனதில் நன்றாகப் பதியவிடுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில் இருந்த டாஸ்மேனியப் புலி நல்ல தேர்வு. 1888 முதல் 1909 வரை, ஆட்டைத் தின்கிறது என்று சொல்லி, தலைக்கு ஒரு பவுண்டு கொடுத்தது அங்குள்ள அரசு. 2,184 தலைக்குப் பணம் பட்டுவாடா ஆனது. அதைக் காப்பாற்றச் சட்டம் வந்தது 1936 ஜூலை 10-ல். கூண்டில் இருந்த கடைசி விலங்கு செத்தது அதே ஆண்டு செப்டம்பர் 7-ல். நடுவில் 59 நாள். கவிதையே வேண்டாம், இந்த இரண்டு தேதியை மட்டும் ஒரு பிள்ளை வாசித்தால் போதும்.

பயணப்புறாவுக்கும் ஸ்டெல்லர் கடற்பசுவுக்கும் எழுதியிருப்பவை சரியாகவே இருக்கின்றன. சிவிங்கிப்புலிக்கு, அதாவது சீட்டாவுக்கு, பதிலை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். "டீச்சர், அது டிவியில் வந்துச்சே" என்று நிச்சயம் ஒருவன் எழுந்து நிற்பான். 1947-ல், இன்றைய சத்தீஸ்கரில் இருந்த கொரியா சமஸ்தானத்து ராஜா மூன்றைச் சுட்டார், 1952-ல் நாட்டில் அற்றுப்போனதாக அறிவித்தார்கள். 2022 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டில் விட்டவை நமீபியாவிலிருந்து வந்த ஆப்பிரிக்க வகை. நம் நாட்டில் இருந்த ஆசிய வகை இன்று ஈரானில் மட்டும் விரல்விட்டு எண்ணும் அளவில் மிஞ்சியிருக்கிறது.

இனி எங்கள் குறை. மிச்சமிருக்கும் ஐந்து படத்திலும் கொன்றவன் வேற்றூர்க்காரன், இல்லாவிட்டால் ராஜா. பிள்ளைகள் விளக்கை ஏற்றிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதனால் டைனோசர் போன இடத்தில் ஒரு வெற்றுச் சட்டத்தை மாட்டுங்கள். படம் வேண்டாம். கீழே பெயர் மட்டும்: வெண்முதுகுப் பாறு.

அது இன்னும் சாகவில்லையே என்பீர்கள். ஆமாம், நம் நீலகிரி அடிவாரத்து மாயாற்றங்கரை நீர்மருது மரங்களில் இன்னும் கூடு கட்டுகிறது. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் சொல்லும் இந்தப் பறவைக்குப் பாறு, எருவை என்று பழம்பெயர்கள் உண்டு. சீகூர்ப் பக்கம் நான்கு வகை தென்படும்: வெண்முதுகு, பாறை இடுக்கில் கூடு வைக்கும் கருங்கழுத்து, செந்தலை, மஞ்சள்முகம். திருக்கழுக்குன்றத்து மலையில் உச்சிவேளைக்கு வந்து பொங்கல் தின்றவை மஞ்சள்முகப் பாறுகள்தாம். 1990-களின் கடைசியோடு அவை வருவது நின்றுபோனது. பாட்டிமார் அதைக் கலிகாலம் என்றார்கள்.

நாடு முழுவதும் பாறுகள் சரிந்ததற்குக் காரணம் வேறு. 1992-க்கும் 2007-க்கும் இடையே வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில்தான் மிஞ்சியது. மாட்டுக்கு வலிக்கும் காய்ச்சலுக்கும் போட்ட டைக்ளோஃபினாக் ஊசிதான் காரணம் என்று 2004-ல் பாகிஸ்தானில் செய்த ஆய்வு காட்டியது. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்தால் மருந்து ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் நின்றுவிடும், யூரிக் அமிலம் ரத்தத்தில் ஏறி உள்ளுறுப்புகள்மேல் சுண்ணாம்பு பூசியதுபோலப் படியும், இரண்டு மூன்று நாளில் கழுத்து தொங்கி விழும். ஒரு மாட்டுப் பிணத்தில் பல பறவைகள் கூடித் தின்னும். அதனால் நூறு பிணத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இனம் சரிந்துவிடும். ஜோடிக்கு ஆண்டுக்கு ஒரே முட்டை, அந்தக் குஞ்சு முட்டையிடும் பருவத்துக்கு வர ஐந்தாண்டு. செத்த வேகத்துக்கு இது ஈடுகொடுக்குமா?

மாட்டுக்கு டைக்ளோஃபினாக் கூடாது என்று 2006-ல் தடை வந்தது. மனிதருக்கு உண்டு. ஆகவே 30 மில்லி மனித மருந்துக் குப்பி மாட்டுக்கொட்டகைக்குப் போனது. அதனால்தான் 2015-ல் மனித ஊசிக் குப்பியை 3 மில்லிக்கு மேல் விற்கக்கூடாது என்றார்கள். மாட்டுக்குப் பல குப்பி உடைக்க வேண்டிவரும், சலித்துவிடுவார்கள் என்று கணக்கு. சலிக்காதவர்களும் இருக்கிறார்கள். இங்கேதான் டோடோ வரி திரும்பி வருகிறது. படுத்த மாடு எழுந்தால் போதும் என்று ஊசி போட்டவருக்குப் பாறுமேல் எந்தப் பகையும் இல்லை.

ஆகவே கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள். கொட்டகை இறவாணத்தில் செருகிய மருந்துக் குப்பி, மாத்திரை அட்டை எல்லாவற்றின் பெயரையும் எழுதி வரட்டும். குப்பியைக் கொண்டுவரக் கூடாது, ஊசியைத் தொடவே கூடாது. பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர், அது உதவாது. அடியில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர்தான் வேண்டும். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், கீட்டோப்ரோஃபென், நிமசுலைட், ஃப்ளுனிக்சின்: இவை ஐந்தும் பாறுக்கு ஆகாதவை. அசிக்ளோஃபினாக் வேறு மருந்து என்று சிலர் வாதாடுவார்கள், மாட்டின் உடம்புக்குள் போனதும் அதுவே டைக்ளோஃபினாக்காக மாறிவிடுகிறது. அதற்கும் கீட்டோப்ரோஃபெனுக்கும் 2023-ல்தான் தடை வந்தது, அதனால் பழைய இருப்பு வீடுகளில் கிடக்கலாம். மெலாக்சிகம், டால்ஃபெனமிக் அமிலம் இரண்டும் பாறுக்குக் கேடில்லாதவை. அளவைக் கால்நடை டாக்டர்தான் சொல்ல வேண்டும், அதைக் கரும்பலகையில் எழுதிப்போடாதீர்கள்.

பட்டியலில் தப்பான பெயர் வந்தால் எந்த வீடு என்று வகுப்பில் கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த முறை எல்லாக் கொட்டகையும் சுத்தமாகவே இருக்கும்.

பெற்றோருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். மாடு செத்தால் அவர்கள் முதலில் நினைத்துப்பார்க்க வேண்டியது, கடைசி நாட்களில் என்ன ஊசி போட்டோம் என்பது. அந்த ஐந்தில் ஒன்று போட்டிருந்தால், என்ன போட்டோம் என்றே தெரியாவிட்டாலும், வெளியே போடக்கூடாது, ஆறடி ஆழத்தில் புதைக்க வேண்டும். மூன்றடிக் குழியைக் காட்டுப்பன்றியும் நாயும் இரவோடு இரவாகத் தோண்டிவிடும். மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் கசிந்திருந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம்: தோலை உரிக்கக் கூடாது, கத்தியே வைக்கக் கூடாது, டாக்டரைக் கூப்பிட வேண்டும். எந்த மருந்தும் போடாமல் செத்த மாடு பாறுக்கு விருந்து. ஆனாலும் அதை எங்கே போடலாம் என்பதை வனத்துறையிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சாலையோரத்தில் கிடந்தால் நாய் சேரும், நாய்க்குப் பின்னால் சிறுத்தை வரும்.

இதைவிடக் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். புலி அடித்த மாட்டின்மேல் பூச்சிமருந்து தடவுவது. 2023 செப்டம்பரில் நீலகிரி அவலாஞ்சிப் பக்கம் இரண்டு புலிகள் செத்தது இப்படித்தான். பட்டி மாடு போனவரின் வயிற்றெரிச்சல் நியாயமானது, இழப்பீட்டுக்கு அலைகிற அலைச்சலும் நமக்குத் தெரியும். ஆனால் அந்தப் பிணத்தில் புலி மட்டும் வாய் வைப்பதில்லை. வானத்தில் சுற்றுவது அதைத்தான் தேடிச் சுற்றுகிறது. வனத்துறையும் கால்நடை டாக்டரும் வந்து பார்க்கும் முன் பிணத்தை நகர்த்தினால் இழப்பீடும் கெட்டுவிடும் என்று சொல்லுங்கள். புலிக்காகச் சொல்வதைவிட இது சீக்கிரம் காதில் ஏறும்.

கூடு இருக்கும் மரத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். கூடு கட்டி முட்டையிடும் பருவம் தொடங்குவதே அக்டோபர், நவம்பரில்தான். ஆள் நடமாட்டம் கண்டால் பறவை எழுந்துவிடும், இருக்கிற ஒரு முட்டை காக்கைக்குப் போகும். பள்ளி மைதானத்திலிருந்தே காலை 11 மணிக்கு மேல் பாருங்கள். வெயில் ஏறித் தரை சூடானால்தான் பாறு இறக்கை அடிக்காமல் மேலே வட்டமிடும். பெரிய அகன்ற இறக்கை, குட்டையான வால், கீழிருந்து பார்த்தால் இறக்கையின் முன்பாதி வெள்ளையாகத் தெரியும். வால் பிளந்திருந்தால் அது கரும்பருந்து.

ஒருவேளை அன்றைக்கு ஒன்றும் வராமலும் போகலாம். வந்தால் வெற்றுச் சட்டத்துக்கு முன்னால் வைத்த விளக்கை மட்டும் ஏற்ற வேண்டாம்.

மைக் செட் சொல்லாதீர்கள். கூட்டத்தை மூன்றரை மணிக்குள் முடித்துவிடுங்கள், மாயார் ரோட்டில் நடந்துபோகிற பிள்ளைகள் யானை இறங்கும் முன் வீடு சேர வேண்டும்.

அன்புடன்,
மலையடிவாரத்து நண்பர்கள்