டை ஹோல்டரை முதலில் கடைந்துவிடு

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள அம்மிணிக்கு,

லேத்தை (கடைசல் இயந்திரத்தை) ஆரம்பாக்கம் வீட்டுப் பின்கட்டில் நிறுத்தி லெவல் பார்த்துவிட்டாய் என்று எழுதியிருந்தாய். சந்தோசம். அடுத்து என்ன வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். இப்போதைக்குப் பெரிதாக எதுவும் வாங்காதே. 100 மில்லி (மில்லி என்றால் இங்கே மில்லிமீட்டர்) சக்கும், அதாவது பொருளைக் கவ்விச் சுழற்றும் பிடியும், எதிரே எம்டி2 அளவுக் கூம்புக் குழியுள்ள டெயில் ஸ்டாக்கும் (எதிர்முனைத் தாங்கியும்) உள்ள இந்தச் சின்ன லேத்துக்கு வேண்டிய துணைக்கருவிகளில் பலவற்றை அதிலேயே கடைந்துகொள்ளலாம். அதில் முதலாவது டெயில் ஸ்டாக் டை ஹோல்டர். கம்பியின் மேல் மரை (திருகுப்புரி) வெட்டும் டையைப் பிடித்துக்கொள்ளும் உறை அது; டெயில் ஸ்டாக்கில் செருகிய ஆர்பர் என்ற தண்டின் மேல் முன்னும் பின்னும் ஓடும்.

ஏன் அது முதலில் என்றால், இனி நீ செய்யப்போகிற கைப்பிடி, கிளாம்ப், ஸ்டாப் எல்லாவற்றிலும் மரை உண்டு. டையைக் கையில் பிடித்துக் கம்பியில் ஏற்றினால் அது ஒரு பக்கம் சாய்ந்தே ஏறும். மரை ஒருபுறம் ஆழமாகவும் மறுபுறம் மேலாகவும் விழும். நட்டு நாலு சுற்று ஓடிவிட்டு இறுகி நின்றுவிடும். டெயில் ஸ்டாக்கின் நேர்கோட்டில் டையை உட்கார வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

பொருள் இரண்டே உருப்படி. எம்டி2 ஆர்பர் ஒன்று. ஒரு முனையில் டேப்பர் (கூம்பு) முடித்து, மறுமுனை கடையாமல் மொட்டையாக விட்டது என்று கேட்டு வாங்கு. மொட்டை முனை மிருதுவான இரும்பாக இருக்க வேண்டும், நீளம் 60 மில்லியாவது வேண்டும். இன்னொன்று 40 மில்லி எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) வட்டக் கம்பி, 85 மில்லி நீளம். ரயிலேறிப் பாரிமுனை போனால் லிங்கிச் செட்டித் தெருவில் இரண்டும் கிடைக்கும். வீடு கட்டி மிஞ்சிய டிஎம்டி கம்பியில் எதையும் கடையாதே. உருட்டும்போதே தண்ணீரடித்து அதன் மேல்தோலைக் கடினமாக்கியிருப்பார்கள். உள்ளே மிருதுவாக இருக்கும். டூல் முனை போவதோடு மரையும் பிய்ந்து வரும்.

டையையும் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் வேலையை ஆரம்பிக்க வேண்டும். எம்8 டை (8 மில்லி மரைக்கானது) 25 மில்லி விட்டத்தில் 9 மில்லி கனத்திலும் வரும், ஓர் அங்குல விட்டத்திலும், அதாவது 25.4 மில்லியிலும், வரும். வெர்னியர் போட்டுப் பார்க்காமல் குழி போட்டால் அரை மில்லி ஆட்டத்தோடு ஒரு ஹோல்டர்தான் மிஞ்சும். கீழே உள்ள அளவெல்லாம் 25க்கு 9 டைக்கு.

ஒன்றை மட்டும் விடாமல் கடைப்பிடி: எந்த எந்த வட்டம் ஒரே மையத்தில் இருக்க வேண்டுமோ, அவை எல்லாம் ஒரே பிடிப்பில் முடிய வேண்டும். மூன்று தாடை சக்கில் ஒரு முறை கழற்றித் திரும்பப் பிடித்தால் மையம் 0.05 முதல் 0.1 மில்லி வரை நகர்ந்துவிடும். டை ஹோல்டரில் டை உட்காரும் குழியும், ஆர்பரில் ஓடும் துளையும் ஒரே மையம். அதனால்தான் முடிந்த நீளம் 55 ஆனாலும் 85 வெட்டச் சொன்னேன். 20 மில்லி தாடைக்குள், 65 வெளியே.

முனை முகத்தை ஃபேசிங் செய்து (சமமாகச் சீவி) சென்டர் டிரில்லால் நடுவில் குழி போடு. டெயில் ஸ்டாக்கிலிருந்து ரிவால்விங் சென்டரை (கூடவே சுழலும் கூர்முனையை) அந்தக் குழியில் ஊன்றி வெளிப்புறத்தை 39க்குக் கொண்டு வா. எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலுக்கு 200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 200 சுற்று) போதும். முதல் வெட்டு கருந்தோலுக்கு அடியில் இறங்க வேண்டும். தோலை உரசிக்கொண்டே போனால் முனை மழுங்கிவிடும். நர்லிங் (பிடிக்க வாகான சொரசொரப்பு) வேண்டுமானால் இப்போதே போட்டுவிடு. அது உலோகத்தை வெட்டுவதில்லை, நசுக்கி மேலே எழுப்புகிறது. துளையை முடித்த பிறகு நசுக்கினால் துளை கோணும். ஒரு பக்கத்திலிருந்து அழுத்தும் நர்லிங் டூல் உன் லேத்தில் சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் பேரிங்குக்கு ஆகாது. மேலும் கீழும் கவ்வுகிற வகை இருந்தால் போடு, இல்லாவிட்டால் விட்டுவிடு.

பிறகு 6, 10, 13 என்று ஏற்றி, கடைசியில் 15 மில்லி டேப்பர் ஷாங்க் (கூம்புக் காம்பு) டிரில், ஆழம் 60. 15 டிரில்லின் ஷாங்க் எம்டி2தான், நேராக டெயில் ஸ்டாக்கிலேயே செருகலாம். இந்த இடத்தில் பலரும் 15.75 டிரில் விட்டு நேரே 16 ரீமரை (துளையைச் சரியளவுக்கு இழைக்கும் கருவியை) செலுத்திவிடுவார்கள். டிரில் ஆழத்தில் கொஞ்சம் ஓடிப்போயிருக்கும். ரீமர் அந்தத் துளையின் பின்னாலேயேதான் போகும், அதை நேராக்காது. நேராக்குவது போரிங் (ஒற்றை முனை டூலால் துளையின் உட்புறத்தைக் கடைவது) ஒன்றுதான். 12 மில்லி போரிங் பார் போட்டு 15.8 வரை கடை. பாரின் விட்டத்தைப்போல நான்கு மடங்குக்கு மேல் நீட்டினால் அதிரும், இங்கே ஐந்து மடங்கு ஆகிறது. அதனால் கூரான எச்எஸ்எஸ் முனை, 0.1 மில்லி வெட்டு, கடைசியில் வெட்டு கொடுக்காமல் இரண்டு ஓட்டம். அப்புறம் 16 ரீமர், 80 ஆர்பிஎம், எண்ணெய் தாராளமாக. ரீமரை எக்காரணம் கொண்டும் பின்சுற்றாதே, விளிம்பு உடையும். வெளியே எடுக்கும்போதும் சக் முன்சுற்றாகவே ஓடட்டும்.

அதே பிடிப்பில் முகத்திலிருந்து 20 மில்லி ஆழம் வரை துளையை 18க்கு விரி. டையிலிருந்து வரும் சுருள் விழ இடம் வேண்டும். பிறகு டை குழி: விட்டம் 25.05, ஆழம் 8.5. அரை மில்லி டை வெளியே நீட்டி நிற்கட்டும், அப்போதுதான் தோள்பட்டை வரை மரை போகும். குழியின் அடிமுகம் சமமாக இருக்க வேண்டும். அங்கே துளி பிசிர் நின்றாலும் டை சாய்ந்துவிடும், இவ்வளவு பாடும் வீண். குழி முடிந்ததும் ஹாக்ஸாவால் 57ல் அறுத்துவிடு. இந்த லேத்தில் 39 மில்லியைப் பார்ட்டிங் டூலால் வெட்டப் போகாதே, கடித்து உடையும். திருப்பி, அலுமினியத் தகடு சுற்றிப் பிடித்துப் பின்முகத்தை 55க்கு ஃபேசிங் செய். இந்த முகத்துக்கு மையம் தேவையில்லை, அதனால் திருப்பிப் பிடிப்பதில் தப்பில்லை.

கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத் திருகு) மூன்று, எம்4, டிரில் 3.3. டையின் நடுக்கனத்தில் படவேண்டும், ஆகவே முகத்திலிருந்து 4 மில்லி. நடு ஸ்க்ரூ கூர்முனை, டையின் பிளவில் நுழையும். மற்ற இரண்டும் பக்கத்துக் குழிகளில். அந்தக் குழிகளின் கோணத்தை உன் டையை வைத்தே குறித்துக்கொள். நடு ஸ்க்ரூவை இறுக்கினால் டை விரியும், அதைத் தளர்த்திப் பக்கத்து இரண்டை இறுக்கினால் சுருங்கும். நர்லிங்குக்குப் பின்னால் எம்8 மரை போட்டு ஒரு கைத்தண்டும் வை.

ஆர்பருக்கும் அதே சட்டம். மொட்டை முனையைச் சக்கில் பிடித்துக் கடையாதே. சக்கைக் கழற்றிவிட்டு, எம்டி3க்கு எம்டி2 ஸ்லீவ் (பெரிய கூம்புக் குழியில் சின்ன டேப்பரைப் பொருத்தும் உறை) போட்டு ஆர்பரை ஹெட் ஸ்டாக் ஸ்பிண்டிலிலேயே செருகு, பின்னாலிருந்து டிராபார் (இழுத்துப் பிடிக்கும் நீளப் போல்ட்) போட்டு இழு. அது இல்லாமல் ஓட்டினால் அதிர்வில் டேப்பர் விட்டுப் பறந்து வரும். மொட்டை முனையின் விட்டம் 15.96. 0.04 மில்லி ஆட்டம் இருந்தால்தான் எண்ணெய் தங்கும், டை ஹோல்டர் தடையில்லாமல் ஓடும். முனையில் 9 மில்லி துளை 40 ஆழத்துக்குப் போடு. இது விட்டுப்போனால், மரை போட்ட கம்பி உள்ளே வந்து ஆர்பரின் முகத்தில் முட்டி நின்றுவிடும்.

மரை போடும்போது கம்பியை 8க்கு விடாதே, 7.85க்குக் கடை. உலோகம் கொஞ்சம் வீங்கித்தான் மரை ஆகும்; முழு 8 இருந்தால் டை கிழிக்கும். முனையை 45 டிகிரியில் 6.5க்குச் சரித்துவிடு. டையில் எழுத்துள்ள முகம் கம்பியைப் பார்த்து இருக்கட்டும். மோட்டாரை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கிவிட்டுச் சக்கைக் கையால் சுற்று: அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. முதல் இரண்டு சுற்றுக்கு மட்டும் டை ஹோல்டரை இடது கையால் தள்ளிக் கொடு, பிறகு டை தானாக இழுத்துக்கொள்ளும்.

அடுத்தது டேப் ஃபாலோயர், துளைக்குள் மரை வெட்டும் டேப்பைப் பின்னாலிருந்து நேராகத் தாங்குவது. 12 மில்லி தண்டு, உள்ளே ஸ்பிரிங், அதன்மேல் 6 மில்லி பிளஞ்சர் (உள்ளே வெளியே நகரும் குச்சி). சின்ன டேப்புக்குப் பின்னால் கூர்முனை இருக்கும், பெரியதற்குக் குழி இருக்கும். அதனால் பிளஞ்சரின் ஒரு முனையை 60 டிகிரி கூராகவும் மறுமுனையில் சென்டர் குழியாகவும் செய்து, திருப்பிப் போடும்படி வைத்துக்கொள். ஒரு பொழுதில் முடிந்துவிடும்.

கேரேஜ் (டூலைச் சுமந்து நகரும் பகுதி) எங்கே நிற்க வேண்டும் என்று காட்டும் கேரேஜ் ஸ்டாப்பும் செய்யத்தான் வேண்டும். ஆனால் ஆட்டோ ஃபீடில் (தானாக நகர விட்டு) கேரேஜை அதில் கொண்டுபோய் மோத விடாதே. ஸ்டாப் ஃபீடை நிறுத்தாது, கியர்தான் பல்லுடையும். ஒரு மில்லி முன்னாலேயே ஃபீடை விடுவித்துக் கையால் தொடு.

பழவேற்காடு ஏரிக்காற்று உப்புக்காற்று. கையீரம் பட்ட இடம் மறுநாளே செம்பட்டையாகும். வேலை முடிந்ததும் லேத்தின் பெட்டை (கேரேஜ் ஓடும் அடித்தளத்தை) துடைத்து 68 கிரேடு ஸ்லைடுவே ஆயில் தடவு. தேங்காயெண்ணெய் வீட்டில் இருக்கிறதே என்று அதைத் தடவாதே, நாள்பட்டால் காறிப் பிசுக்காகித் தூளைப் பிடித்துக்கொள்ளும். துப்பட்டாவும் கையுறையும் லேத் பக்கம் வேண்டாம். சுருளைக் கொக்கியால் மட்டும் இழு.

இரண்டில் ஆர்பரை முதலில் கடை; கடைந்ததும் மைக்ரோமீட்டரில் இரு முனையிலும் அளந்து எழுதி அனுப்பு. இரண்டுக்கும் 0.02க்கு மேல் வித்தியாசம் வந்தால் டை ஹோல்டரைக் கடையத் தொடங்காதே. முதலில் ஹெட் ஸ்டாக் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்கான முறையை எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா