ரேவதிக்கு, பட்டு வெட்டுறதைப் பத்தி

ரேவதி கண்ணு,

பட்டுப்புடவையை வெட்டி எப்படிப் பை தைக்கறதுன்னு ஒரு வரி கேட்டிருந்தே, கூடவே போட்டோ. போன் பண்ணா ரெண்டு நிமிஷத்துல "வெச்சிடறேம்மா"ன்னுடுவே. அதான் எழுதறேன்.

பீரோவுலருந்து எடுத்ததும் கத்திரியைத் தேடாதே. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா புடவையை முழுசா விரிச்சுப் பாரு. பழம்பட்டு மடிப்புலதான் விடும். ஒரே மடிப்புல வருஷக்கணக்கா கிடந்த இடத்துல இழை ஒடைஞ்சு கோடு கோடா வெளிச்சம் தெரியும். அந்த இடத்தை ரெண்டு கட்டைவிரலால லேசா இழுத்துப் பாரு. பர்ருன்னு விட்டா கைப்பிடிக்கும் அடிப்பக்கத்துக்கும் ஆகாது, பின்னாடி கேன்வாஸ், அதான் சூட்டுல ஒட்டற விறைப்புத் துணி, அதை ஒட்டி முகப்புக்கு மட்டும் வெச்சுக்கலாம்.

நீ அனுப்பின போட்டோல இருந்தது அந்த அரக்கு, மாங்கா பார்டர். நாலு வருஷத்துப் பட்டு, ரெண்டு தரம்தான் கட்டியிருக்கே. அதுல எங்க மடிப்பு விடப்போவுது? விடாத துணியை யாராவது வெட்டுவாங்களா? ஆயாவோட பச்சையும் கத்திரிப்பூ கலரும் இங்க சும்மாதான் கெடக்குது. ரெண்டுமே நைஞ்சது. பார்சல்ல போடறேன், அதுல பழகு.

ஜீன்ஸ்ல நீ தைச்ச பையைக் கீழ்வீட்டு அக்கா பார்த்துட்டு, கடையில வாங்கினதான்னு கேட்டாங்க. எனக்கே அந்த நேர்த்தி வராது. ஆனா ஜீன்ஸுக்குப் போட்ட 16ஆம் நம்பர் ஊசியோட பட்டைத் தொடாதே. ஒருதரம் ஓட்டை விழுந்தா பட்டுல மூடாது. 11ஆம் நம்பர் ஊசி, புதுசா போடு. ஜரிகை மேல ஓடினா ஊசி சீக்கிரம் மழுங்கிடும், மழுங்கின ஊசி இழையை இழுத்துடும். தையல் ரொம்பப் பொடியாவும் வேணாம். நெருக்கிக் குத்தினா தபால்தலை மாதிரி அந்தக் கோட்டுலயே கிழியும். ரெண்டரை எம்எம் வெச்சுக்க. குண்டூசியும் தையலுக்குள்ள மறையற ஓரத்துல மட்டும்தான்.

ஜரிகை இருக்கற இடத்துல வெட்டறதுக்கு முன்னாடியே வெட்டுக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரு தையல் ஓட்டிடு. அப்புறமா நடுவுல வெட்டு. இல்லேன்னா பிசிறு அவுந்துகிட்டே வரும். உடம்பும் பார்டரும் கோர்வையில சேர்ற கோட்டை ஒட்டி வெட்டாதே, அரை இஞ்சு தள்ளி வெட்டு. பார்டர் விறைப்பா நிக்கும், உடம்பு தொய்யும். கேன்வாஸ் ஒட்டாம தைச்சா அதான் சுருக்கம் விழுது. அதை ஒட்டறப்போ உள்பக்கம் திருப்பி மல்துணி போட்டு, சூட்டைக் கம்மியா வெச்சு இஸ்திரிப் பெட்டியை அழுத்தி அழுத்தி எடு, தேய்க்காதே. தண்ணி தெளிக்கவே கூடாது, பட்டுல திட்டு நிக்கும்.

14க்கு 15 இஞ்சு பைன்னா 15க்கு 16½ல ரெண்டு துண்டு. பக்கத்துக்கும் அடிக்கும் அரை இஞ்சு, வாயை மடிக்க ஒரு இஞ்சு போயிடும். லைனிங்கும் அதே அளவுதான், 36 இஞ்சு அகலத்துல அரை மீட்டர் போதும். கைப்பிடிக்கு 4 இஞ்சு பட்டையை நாலா மடிச்சா ஒரு இஞ்சு வரும். பட்டையைப் பையோட சேர்க்கற இடத்துல சதுரமா ஓட்டி, அதுக்குள்ள பெருக்கல் குறி போட்டு ஓட்டு. வெறும் ஒரு கோடு ஓட்டினா காய் பாரம் தாங்காது.

அரக்கை மட்டும் விட்டுடு. பொங்கலுக்கு வரேன்னே, வரல. மாப்பிள்ளைக்கு போன் போட்டா எடுக்கறதில்ல. வேலையா இருப்பாருன்னு அப்பா கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். உனக்கு அந்தக் கலரே புடிக்கலேன்னா சொல்லிடு, அடகுப்பெட்டில இருக்கற மாதிரி இங்க வந்து பத்திரமா கெடக்கட்டும். நான் எதுவும் கேக்க மாட்டேன். வெட்டித்தான் ஆகணும்னா அங்க கட்டில் மேல போட்டு வெட்டாதே, இங்க தூக்கிட்டு வா. நம்ம மேஜை 6 அடி, துணி வழுக்காது. அவருக்கு லீவு கிடைக்கலேன்னா நீ மட்டும் வா, எத்தனை நாள் வேணும்னாலும் இரு. அப்பாவும் அதையேதான் சொன்னாரு.

எம்.சி. ரோடு துணிக்கடைப் பக்கம் சனிக்கிழமை போறேன். லைனிங் எந்தக் கலர்னு அதுக்குள்ள சொல்லு, மெசேஜா வேணாம், பேசு. அந்தப் பெரிய கத்திரியில காகிதம் வெட்டாதே.

அம்மா