டிரம்மின் உட்சுவரையும் தேயுங்கள்

ஆசிரியருக்கு,

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. திருநெல்வேலியில் வீடு வீடாகச் சென்று கொசுப்புழு தேடும் பணியாளர் நான். "எங்கள் பக்கம் சாக்கடையே இல்லை, இங்கே எதற்கு?" என்று வாசலிலேயே கேட்கிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நாம் பிடித்துவைக்கும் நல்ல தண்ணீரைத்தான் தேடி வருகிறது.

குழாயில் தண்ணீர் வராத நாட்களுக்காகச் சேமிப்பதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டிரம்மைக் கவிழ்த்துவிட்டு அப்படியே மறுபடி நிரப்புவது போதாது. நீர்மட்டத்தை ஒட்டி, உட்சுவரில் முட்டைகள் பொடிப்பொடியாகக் கறுப்பாய் ஒட்டியிருக்கும். காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் தாங்கும். தண்ணீர் பட்டதும் பொரியும். தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தால்தான் போகும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாட்களே ஆகும் என்பதால் வாரம் ஒரு முறை கட்டாயம் தேயுங்கள். பிறகு டிரம்மின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள்.

பலரும் மறந்துவிடுவது பிரிட்ஜின் பின்னால் தண்ணீர் சேரும் தட்டை. டார்ச் அடித்தால், அந்த விரற்கடை நீரில் புழுக்கள் நெளிந்து நெளிந்து அடியில் ஒளிவது தெரியும். பளிங்குபோல் துடைத்த சமையலறையிலும் இதைப் பார்த்திருக்கிறேன்.

இது பகலில் கடிக்கும் கொசு. மதியம் தூங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும். காய்ச்சல் கண்டால் வலி மாத்திரைகளை நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவை டெங்குவில் ரத்தக்கசிவை அதிகமாக்கக்கூடும். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள்.

நாங்கள் வரும்போது தயவுசெய்து பின்கட்டு வரை பார்க்க விடுங்கள்.

- கொசு ஒழிப்புப் பணியாளர், திருநெல்வேலி