வெளியேறும் வழியையும் சேர்த்துக் கட்டுங்கள்

கிளவுட் சேமிப்புச் சேவைகளை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். ஒன்பது வருடம் நான் நம்பிப் பயன்படுத்திய சேவை ஒன்றை மூடிவிட்டார்கள். பெயர் வேண்டாம். மூடிய கதவைத் தட்டிப் பயனில்லை. இன்னும் திறந்திருக்கிற உங்களிடம்தான் கேட்க வேண்டும். அதற்காகத்தான் இந்த மடல்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மூடப்போகும் செய்தி ஒரே ஒரு மெயிலில் வந்தது. விளம்பர மெயில்களுக்கு நடுவே கிடந்ததை நான் பார்ப்பதற்குள், கொடுத்திருந்த 90 நாளில் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. ‘எல்லாவற்றையும் பதிவிறக்கு’ என்ற பொத்தானை அழுத்தினேன். நூற்றுக்கும் மேற்பட்ட ஜிப் கோப்புகளாக, அதாவது பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய மூட்டைகளாக, வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தால், தமிழில் பெயர் வைத்திருந்த ஃபோல்டர்கள் அத்தனையும் யாருக்கும் புரியாத குறிகளாக மாறியிருந்தன. தேதிகளும் போய்விட்டன. நான் பதிவிறக்கிய அந்தச் செவ்வாய்க்கிழமையின் தேதிதான் எல்லாக் கோப்பிலும் இருந்தது. கேமராவில் எடுத்த படங்களுக்கு உள்ளேயே தேதி பதிந்திருப்பதால் அவற்றை மீட்டுவிட்டேன். ஸ்கேன் செய்த காகிதங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. அம்மாவின் மருத்துவ அறிக்கைகளில் எது முந்தியது, எது பிந்தியது என்று ஒவ்வொன்றாகத் திறந்து, மூலையில் இருக்கும் சின்ன எழுத்தைப் படித்துப் படித்து அடுக்கினேன். அதற்கே மூன்று இரவுகள் ஆயின.

இதில் எனக்குக் கோபம் வருவது எங்கே தெரியுமா? இது ஒன்றும் தீர்க்க முடியாத சிக்கல் இல்லை. ஜிப் கோப்பில், பெயர்கள் யூடிஎஃப்-8 முறையில் (எல்லா மொழி எழுத்துகளையும் கணினியில் எழுதும் முறை) எழுதப்பட்டிருக்கின்றன என்று சொல்வதற்கென்றே ஒரு பிட், அதாவது ‘ஆம், இல்லை’ என்று காட்டும் சின்னக் குறி, இருக்கிறது. அதைப் போடாமல் விட்டால், பிரிக்கிற மென்பொருள் பழைய குறியேற்றம் என்று எண்ணிப் பெயரைக் குதறிவிடும். கோப்பின் தேதியை எழுதவும் அதே ஜிப்பில் இடம் உண்டு. இன்னொன்றும் சொல்கிறேன். ‘கொ’ என்று எழுதும்போது ஒகரக் குறியை, உலக மொழி எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில், ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு அப்படி இல்லை. இரண்டு வகைக் கணினிகளுக்கு இடையே போய்வந்த பிறகு, ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எதைத் திறப்பது, எதை அழிப்பது? ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்துப் பார்த்தால் இதெல்லாம் உங்கள் கண்ணில் படவே படாது.

அவகாசத்தைப் பற்றியும் பேச வேண்டும். ஒரு டெராபைட், அதாவது ஆயிரம் ஜிபி, வைத்திருப்பவர் 20 எம்பிபிஎஸ் (நொடிக்கு 20 மெகாபிட்) இணைப்பில், ஒரு நொடிகூட நிற்காமல் இறக்கினாலும் நாலரை நாளுக்கு மேல் ஆகும். ஏற்றும் வேகம் 5 எம்பிபிஎஸ் என்றால் புதிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க 18 நாளுக்கு மேல். அவருடைய மடிக்கணினியில் இருப்பதே 256 ஜிபி என்றால் இடையில் எங்கே வைப்பார்? உங்கள் சர்வரிலிருந்து இன்னொரு சேவையின் சர்வருக்கு நேராக அனுப்ப வழி இருந்தால் இந்தப் பாடு பெருமளவு குறையும்.

நிதானமாக மூடியவர்கள் உங்கள் துறையிலேயே இருக்கிறார்கள். அமேசான் டிரைவை மூடப்போவதாக 2022 ஜூலையில் அறிவித்தார்கள். 2023 ஜனவரி 31 வரை புதிய கோப்புகளை ஏற்ற முடிந்தது. இருப்பதை எடுத்துக்கொள்ள அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை நேரம் கொடுத்தார்கள். உபுண்டு ஒன் 2014 ஏப்ரலில் அறிவித்து, ஜூன் 1-இல் சேவையை நிறுத்தி, ஜூலை 31 வரை கோப்புகளை எடுக்க விட்டது. நாலு மாதம் கொடுப்பதற்கும் பதினேழு மாதம் கொடுப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது உள்ளே மாட்டிக்கொண்டவனுக்குத்தான் தெரியும். 2012 ஜனவரியில் மெகாஅப்லோட் என்ற கோப்புப் பகிர்வுத் தளத்தை அமெரிக்க அரசு முடக்கியபோது அந்த அவகாசமும் இல்லை. எந்தத் தப்பும் செய்யாமல் சொந்தக் கோப்புகளை வைத்திருந்தவர்களும் ஒரே நாளில் வெளியே நின்றார்கள்.

அப்புறம், கணினியில் இருப்பதுபோலவே தெரியும், ஆனால் உள்ளடக்கம் உங்களிடம் மட்டுமே இருக்கும் கோப்புகள். இடத்தை மிச்சப்படுத்த நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் சேவை நின்ற மறுநாள் அது வெறும் பெயர்ப்பலகை. என் தங்கை அப்படித்தான் ஏமாந்தாள். ‘எல்லாம் லேப்டாப்பில்தானே இருக்கு’ என்று நிம்மதியாக இருந்துவிட்டாள். நாங்கள் சேர்ந்து வைத்திருந்த ஃபோல்டர் என் பெயரில் இருந்ததால், மெயிலும் எனக்கு மட்டுமே வந்திருந்தது.

இப்போது மாற்றுச் சேவை தேடுகிறேன். முன்பெல்லாம் எத்தனை ஜிபி இலவசம் என்று பார்ப்பேன். இந்த முறை ஒரு சோதனை ஃபோல்டர் தயார் செய்தேன். தமிழ்ப் பெயர்கள், ஒரு காலி ஃபோல்டர், 2009 தேதியிட்ட ஓர் ஆவணம், மூன்று ஜிபி வீடியோ ஒன்று. அதை ஏற்றி, திரும்ப இறக்கி, ஆர்குளோன் என்ற திறமூல மென்பொருளால் மூலக் கோப்புகளோடு ஒப்பிட்டேன். தேதியையும் காலி ஃபோல்டரையும் நானே கண்ணால் சரிபார்த்தேன். மூன்று சேவைகளில் செய்ததில் ஒன்றில் மட்டுமே எல்லாம் போனபடியே திரும்பி வந்தது. இருந்தாலும் வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் தனிப் பிரதி வைத்துவிட்டேன். ஒரே இடத்தை நம்ப இனி மனம் வராது.

நான் கேட்பது இவ்வளவுதான். மூடுவதானால் குறைந்தது ஓராண்டு முன்பு சொல்லுங்கள். மெயிலோடு நிற்காமல், உள்ளே நுழைந்ததும் தெரிகிற மாதிரி சொல்லுங்கள். ஃபோல்டரில் பங்குள்ள எல்லோருக்கும் சொல்லுங்கள். பெயரும் தேதியும் கெடாமல் கொடுங்கள். எடுத்தது முழுதாக வந்ததா என்று சரிபார்க்க, ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) எழுதிய பட்டியல் ஒன்றைக் கூடவே வையுங்கள். கடைசி நாள் வரை பதில் சொல்ல ஓர் ஆளை உட்கார வையுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு கிளவுட் சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவரைத் தடுக்கக் கூடாது என்கிறது. 2027 ஜனவரி 12 முதல் மாறுவதற்குக் கட்டணமும் வாங்கக் கூடாது. அந்தச் சட்டம் எட்டாத இடத்தில் இருக்கும் வாடிக்கையாளருக்கும் அதையே செய்ய உங்களுக்கு யார் அனுமதியும் தேவையில்லை.

சேருவதற்கு முன் உங்கள் தளத்தில் ஒரு பக்கத்தைத் தேடினேன்: ‘நாங்கள் மூடினால் உங்கள் கோப்புகள் என்ன ஆகும்?’ எங்கும் கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்தை எழுதி வையுங்கள். படித்துவிட்டுச் சேர்ந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
இடம் தேடிக்கொண்டிருக்கும் ஒரு வாடிக்கையாளர்