குறிஞ்சி விதை உதிரும் வரை காவல் வேண்டும்

கொடைக்கானல் வனக்கோட்ட அதிகாரிகளுக்கு,

வணக்கம். மன்னவனூர்ப் பக்கம் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற விவசாயி நான். 1994, 2006, 2018 என்று மூன்று தடவை குறிஞ்சி பூத்துப் பார்த்தவன். அடுத்தது 2030. அதற்கு இன்னும் நாள் கிடக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் 2018 பூவின் விதையில் முளைத்த செடிகள் இப்போதே புல்லுக்குள் புதராக நிற்கின்றன. பூ இல்லாத குறிஞ்சியை வெளியூர்க்காரர்களுக்கு அடையாளம் தெரியாது. அதன்மேலேயே வண்டியை ஏற்றி நிறுத்துகிறார்கள், பாய் விரித்துச் சாப்பிடுகிறார்கள்.

2018-இல் நடந்த கூத்தை எல்லோரும் பார்த்தோம். கொத்துக் கொத்தாக ஒடித்துக் காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் சொருகிக்கொண்டு போனார்கள். நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி.

பூ வாடியதும் கூட்டம் மலையிறங்கிவிட்டது. இனிப் பார்க்க என்ன இருக்கிறது என்று உள்ளூரில் நாங்களும் எங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். குறிஞ்சிக்கோ முக்கியமான காலமே அதற்கப்புறம்தான். வாழ்நாளில் ஒரே தடவை பூக்கிற செடி அது. பூத்து, காய்த்து, விதையை உதிர்த்துவிட்டுச் செத்துப்போகும். காய் முற்ற மாதக்கணக்காகும். அந்த மாதங்கள் போய் முடிகிற இடம் நம் மலையின் தீக்காலம்.

பிப்ரவரியில் ஒருநாள் மாடு தேடிப் போனபோது, நீலமாய்க் கிடந்த ஒரு சரிவு கரிந்து கிடந்தது. யார் வைத்த தீயோ. ஒரு காயை எடுத்து நகத்தால் பிளந்தேன், உள்ளே விதையும் கருகியிருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சரிவுக்குத் தீ போகவில்லை. இன்றைக்கு அங்கே குறிஞ்சி இடைவெளி இல்லாமல் நிற்கிறது. இந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை, முழுக்க வாட்டில் என்கிற வெளிநாட்டு மரத்தின் கன்றுகள். வாட்டில் விதைக்குச் சூடு பட்டால்தான் கொண்டாட்டம், மண்ணுக்குள் கிடந்ததெல்லாம் ஒன்றாக முளைத்துவிடும்.

அதனால்தான் கேட்கிறேன். 2030-இல் பூ பார்க்க வருகிறவர்களுக்காகப் போடும் காவலை, 2031 மார்ச் முடியும் வரை எடுக்காதீர்கள். கோடை மழை நன்றாகப் பிடித்த பிறகு எடுத்தாலும் சரி. தீத்தடுப்புக் கோடுகளை டிசம்பருக்குள் வெட்டிவிட வேண்டும். காவலுக்குக் கவுஞ்சி, பூம்பாறை, கூக்கால் இளைஞர்களையே வைத்தால் எந்தச் சரிவில் என்ன நிற்கிறது என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

ஆட்களே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வரட்டும், ஆனால் நடந்து வரட்டும். போன ஐப்பசியில் மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு புல்வெளியில் நடந்தேன். ஈரமான இடத்தில் பூச்சி தின்னும் செடி ஒன்றைக் காட்டினேன். விரல்நுனி அகலம்கூட இல்லாத இலை, சுற்றிலும் சிவந்த மயிர், ஒவ்வொரு மயிரின் நுனியிலும் பசை ஒரு துளி, அதில் ஒட்டிய கொசு ஒன்று இன்னும் காலை உதறிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மா மண்டியிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்தார். சோலை ஓரத்திலிருந்து சிரிப்பான் குருவிகள் ஒன்று மாற்றி ஒன்று கத்தின. பழனிமலையிலும் அதை ஒட்டிய மலைகளிலும் தவிர வேறெங்கும் இல்லாத பறவை அது.

திரும்பும்போது அவருடைய கணவர், "இவ்வளவு இடம் சும்மா கிடக்குதே, மரம் நடக் கூடாதா?" என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார். ஆனால் இந்த எண்ணத்தால்தான் நம் புல்வெளி போனது. 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனிமலைப் புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டதாக ஆய்வு சொல்கிறது. பைன், யூகலிப்டஸ், வாட்டில் எல்லாம் மரம்தானே என்று நட்டதன் பலன் அது. எங்கள் தோட்டத்துக்கு வரும் ஓடை புல்லும் சோலையும் பிடித்துவைக்கிற தண்ணீர். ஆகவே நடைபாதையின் தொடக்கத்திலேயே, தமிழில், பெரிய எழுத்தில் ஒரு பலகை வையுங்கள்: இது காலி நிலம் இல்லை, புல்தான் இங்கே காடு.

2024 மே 7 முதல் கொடைக்கானல் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு நடைமுறையில் இருப்பதால் எத்தனை வண்டி மலையேறுகிறது என்ற கணக்கு அரசிடம் இருக்கிறது. குறிஞ்சிப் பருவத்தில் ஒரு படி மேலே போய், ஒரு சரிவுக்கு ஒரு நாளைக்கு இத்தனை பேர், வழிகாட்டி இல்லாமல் நடை இல்லை என்று வைக்கலாம். வண்டிகள் ஊருக்குள்ளேயே நிற்கட்டும். பாதையை மட்டும் இப்போதே குறித்துவிடுங்கள். பூத்த பிறகு குறித்தால் செடிகளுக்கு நடுவில்தான் போக வேண்டியிருக்கும்.

நான் சொன்ன இரண்டு சரிவுகளும் எதிரெதிரே இருக்கின்றன. ஓடையோரம் நின்றால் இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். பூண்டு அறுவடை முடிந்ததும் எந்த நாளில் வரச் சொன்னாலும் கூட வந்து காட்டுகிறேன். ஜீப் பாதியில் நின்றுவிடும், அங்கிருந்து முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
மேல்மலை விவசாயி ஒருவன்